மின்னட்டையைக் கொண்டு படிப்பதும் படிப்பிப்பதும்

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மட்டைத் துண்டின் ஒரு பக்கத்தில் கேள்வியும் மறுபக்கத்தில் விடையும் எழுதப்பட்டிருந்தால் அது மின்னட்டை. பாடசாலைகளில் மின்னட்டை என்றும், கைப்பேசிச் செயலிகளைப் பயன்படுத்தும் மாணவர்களிடையே பிளாஷ் கார்ட் என்றும் வழங்குவது இதுவே. கேள்விப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். விடையை நினைவிலிருந்து எடுத்து வாயால் சொல்லவோ தாளில் எழுதவோ வேண்டும். அதன் பிறகே அட்டையைத் திருப்பிச் சரிபார்க்க வேண்டும். செய்முறை இவ்வளவுதான். 1834ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பவெல் லீ மோர்ட்டிமர் என்ற எழுத்தாளர் சிறுவர்களுக்கு வாசிப்புப் பழக்குவதற்கென்று இத்தகைய அட்டைத் தொகுதி ஒன்றை வெளியிட்டிருந்தார் என்பதால், இதை நேற்று வந்த புதுமை என்றும் சொல்ல முடியாது.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பெருநிலத்தில் இதற்குத் தனியான ஒரு பொருத்தம் உண்டு. மின்சாரம், இணையம், கட்டணம் ஆகிய எதுவும் இதற்குத் தேவையில்லை. மாங்குளத்திலோ துணுக்காயிலோ பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளை, சட்டைப் பையிலிருந்து 20 அட்டைகளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். தரம் 5 புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்கும், சாதாரண தரத்துக்கு இரண்டாம் மொழி படிப்பவருக்கும், உயர்தர உயிரியல் மாணவிக்கும் ஒரே முறை பயன்படும். ஆனால் அட்டை செய்து வைத்திருப்பதும் அட்டையால் படிப்பதும் வேறு வேறு. கேள்வியைப் பார்த்த பிறகு அட்டையைத் திருப்புவதற்கு முன்னுள்ள சில விநாடிகளில், பிள்ளை விடையைத் தேடித் தடுமாறும் அந்த நேரத்தில்தான் படிப்பு நடக்கிறது. இங்கே கூறப்போகும் மற்ற எல்லாம், அட்டையை எப்படி வெட்டுவது என்பது முதல் வகுப்பில் எப்படிப் பிடிப்பது என்பது வரை, அந்தச் சில விநாடிகளைக் காப்பாற்றும் வழிகளே.

நினைவிலிருந்து எடுப்பது ஏன் உதவுகிறது

எங்கள் பிள்ளைகள் பாடமாக்கும் முறையை எல்லோரும் அறிவர். விடியப்புறம் எழும்பி, கொப்பியை விரித்து, ஒரே பக்கத்தைப் பலமுறை உரத்து வாசிப்பார்கள். ஐந்தாம் முறை வாசிக்கும்போது வரிகள் எல்லாம் பழகியவையாகத் தோன்றும். அடுத்த வரி என்னவென்பதும் தெரியும். அந்தப் பழக்கத்தையே ‘பாடம் வந்துவிட்டது’ என்று பிள்ளையும் நம்புகிறது, தாயும் நம்புகிறார். பரீட்சை மண்டபத்தில் கொப்பி இல்லை. கேள்வி மட்டுமே இருக்கிறது. கண்ணால் கண்டதும் அடையாளம் காணும் திறனும், கண்முன் எதுவும் இல்லாதபோது வெளியே எடுக்கும் திறனும் வெவ்வேறானவை என்பதும், முன்னதைப் பயிற்சி செய்தால் பின்னது தானாக வந்துவிடாது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளுள் மிகத் தெளிவான ஒன்றை அமெரிக்க உளவியலாளர்களான ஜெப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் 2008இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு 40 சுவாகிலிச் சொற்கள் பொருளுடன் கொடுக்கப்பட்டன. ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட பிறகு, சிலருக்கு அந்தச் சொல்லைத் தொடர்ந்து வாசிக்க மட்டும் கொடுத்தார்கள், மீண்டும் கேட்கவில்லை. வேறு சிலரிடம் அந்தச் சொல்லை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்து கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 80 வீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். கேட்பது நிறுத்தப்பட்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்களவே நினைவிலிருந்தது. இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. ஒரு வாரத்தின் பின் எத்தனை சொற்கள் நினைவிலிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவான, பாதியளவு எண்ணிக்கையையே சொன்னார்கள். எந்த முறை தமக்குப் பலன் தந்தது என்பது படித்தவர்களுக்கே தெரியவில்லை. ஆகவே ‘எனக்கு வாசித்தால்தான் ஏறும்’ என்று ஒரு மாணவன் உறுதியாகச் சொன்னாலும், அதை உடனே ஏற்றுக்கொள்ளாமல் ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பார்ப்பதே நல்லது.

இதே இருவர் 2006இல் உரைநடைப் பகுதிகளைக் கொண்டு செய்த ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது, இடையில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். சோதனைக்கு முதல்நாள் இரவு முழுக்க வாசித்துவிட்டுப் போகும் பிள்ளை வகுப்புச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தும் தவணைப் பரீட்சையில் தடுமாறுவது எங்கும் காணும் விடயம். அதற்கான காரணத்தின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

இரண்டாவது அடிப்படை, இடைவெளி. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்கவுஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளைப் பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற உடனேயே மறதி மிக விரைவாக நடக்கிறது, பின்னர் அதன் வேகம் குறைகிறது, இடைவெளி விட்டு மீட்டினால் குறைந்த உழைப்பில் நிலைக்கிறது என்பவை அவர் கண்டவை. வயலுக்கு முழுப் போகத்துக்கும் வேண்டிய தண்ணீரை ஒரே நாளில் குளத்திலிருந்து திறந்துவிடுவதில்லை, முறை வைத்து இடைவெளி விட்டே பாய்ச்சுகிறோம் என்பதை அறிந்த ஊரவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. மின்னட்டைகளையே வைத்து நேட் கோர்னல் என்பவர் 2009இல் நடத்திய ஆய்வில், பெரிய கட்டாக வைத்து இடைவெளியுடன் பார்த்த முறையே 90 வீதமானோருக்கு அதிக பலன் தந்தது. ஆனால் 72 வீதமானோர், சிறு கட்டுகளாகப் பிரித்து அடுத்தடுத்துப் பார்த்ததே சிறந்தது என்று கருதினார்கள். ஐந்து அட்டைகளை எடுத்து, அவை தண்ணீர் போல வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்வது மனத்துக்குத் திருப்தி தரும். அந்தத் திருப்தி அடுத்த வாரம்வரை நிற்பதில்லை.

அட்டையை எழுதுவது

பொருளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏ4 தாளை மூன்று முறை மடித்து வெட்டினால் எட்டு அட்டைகள் கிடைக்கும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் ஊறித் தெரியும் என்பதால் பிரிஸ்டல் போட், பழைய கலண்டர் மட்டை, முடிந்த கொப்பிகளின் மட்டை ஆகியவை மேலானவை. மாக்கர் பேனை மையும் ஊறும். சாதாரண குமிழ்முனைப் பேனையே போதும். றப்பர் பான்ட் வெயிலுக்கு அறுந்துவிடும், மண் தரையில் வைத்த காகிதத்தைக் கறையான் விடாது. ஆகவே மூடியுள்ள பிஸ்கற் ரின் ஒன்றைத் தேடிக்கொள்வது நல்லது.

எழுதும் விடயத்தில்தான் கவனம் முழுவதும் வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் எழுதும் அட்டை எப்படி இருக்கும் என்றால், முன்பக்கத்தில் ‘பண்டாரவன்னியன்’ என்ற ஒரு பெயர். பின்பக்கத்தில் பாடநூலிலிருந்து எடுத்த பன்னிரண்டு வரிகள். இதை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ‘வன்னியை ஆண்டவன், ஆங்கிலேயரை எதிர்த்தவன்’ என்று பிள்ளை சொல்லும். அது சரியா, பிழையா? பாதி சரி. பாதி சரியான விடைக்கு அட்டையைச் சரியென்று ஒதுக்கவும் முடியாது, பிழையென்று திரும்ப வைக்கவும் முடியாது. ஆகவே பிள்ளை தனக்குத் தானே இரக்கம் காட்டிச் சரியென்று ஒதுக்கிவிடும். அதே செய்தியை உடைத்து எழுதலாம். ‘1803இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை எது?’ என்பது ஓர் அட்டை. பின்பக்கத்தில் ‘முல்லைத்தீவுக் கோட்டை’. ‘பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக நினைவுக் கல்லில் குறிப்பிடப்படும் ஆங்கிலப் படை அதிகாரி யார்?’ என்பது இன்னொன்று. ‘கப்டன் வொன் டிறிபேர்க்’. ‘அந்தக் கல் எந்த ஊரில் நாட்டப்பட்டது?’ என்பது மூன்றாவது, ‘கற்சிலைமடு’. ‘கல்லில் பொறிக்கப்பட்ட நாள் எது?’ என்பது நான்காவது. ‘1803 ஒக்டோபர் 31’. ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு கேள்விக்கு ஒரே விடை, அந்த விடையும் ஒரு மூச்சில் சொல்லக்கூடியது என்ற அளவு போதுமானது.

இந்த எடுத்துக்காட்டிலேயே இன்னொரு கவனமும் தேவைப்படுகிறது. அந்தக் கல் குறித்தது தோல்வியை, இறப்பை அன்று. அவசரத்தில் ‘பண்டாரவன்னியன் இறந்த நாள்’ என்று அட்டையில் எழுதிவிட்டால், அந்தப் பிழையை மின்னட்டை மிகச் சிறப்பாகப் பாடமாக்கிக் கொடுக்கும். கொப்பியில் உள்ள பிழையைப் பிள்ளை ஒருமுறை வாசிக்கிறது. அட்டையில் உள்ள பிழையைப் பல வாரங்களுக்கு வாயால் சொல்கிறது. எனவே எழுதி முடித்த அட்டைகளைப் பாடநூலுடன் ஒப்பிட்டு, முடிந்தால் பாட ஆசிரியரிடமும் காட்டி, அதன் பிறகே கட்டில் சேர்க்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க விரும்புவதில்லை.

ஒரு செய்தியை இரு பக்கத்திலிருந்தும் கேட்பது பல பாடங்களில் அவசியமாகிறது. ‘இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஆறு எது?’ என்று கேட்டால் ‘கனகராயன் ஆறு’ என்று சொல்லும் பிள்ளை, ‘கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட குளம் எது?’ என்று திருப்பிக் கேட்டால் விழிப்பதைக் காணலாம். வவுனிக்குளத்துக்குப் பாலியாறு, முத்தையன்கட்டுக் குளத்துக்குப் பேராறு என்று மூன்றையும் இரு திசையிலும் எழுதினால் ஆறு அட்டைகள் வரும். புவியியலிலும் வரலாற்றிலும் படம் குறித்தலுக்கு இதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. இலங்கைப் படத்தின் வெளிக்கோட்டைச் சிறிதாகப் படியெடுத்து, ஓர் இடத்தில் மட்டும் புள்ளி வைத்து, பின்பக்கத்தில் பெயரை எழுத வேண்டும். ஒரே படத்தில் பத்துப் புள்ளிகள் வைத்தால், பிள்ளை இடத்தைப் பாடமாக்காமல் புள்ளிகளின் வரிசையைப் பாடமாக்கிவிடும்.

தரவை மட்டும்தான் அட்டையில் கேட்க முடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. ‘குருதியின் குளுக்கோசு மட்டத்தைக் குறைக்கும் ஓமோன் எது?’ (இன்சுலின்), ‘அது எந்த உறுப்பிலிருந்து சுரக்கிறது?’ (சதையி) என்ற இரண்டுடன், ‘உணவு உண்ட சிறிது நேரத்தில் குருதியில் இன்சுலின் ஏன் கூடுகிறது?’ என்று மூன்றாவது அட்டையையும் எழுதலாம். ஏன் என்ற கேள்விக்கு விடை ஒரு வசனமாக வரும். அந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவிக்கத் தேவையில்லை, காரணம் வந்தால் போதும் என்பதை மட்டும் அட்டையிலேயே ஓர் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும். ஏன் என்ற அட்டைகள் ஒன்றுமே இல்லாத விஞ்ஞானக் கட்டு, சொற்களை மட்டும் அறிந்த மாணவனை உருவாக்கிவிடுகிறது.

தமிழில் ல, ழ, ள வேறுபாட்டுக்கும் ர, ற வேறுபாட்டுக்கும் அட்டை எழுதுவோர் ‘வலி, வழி, வளி’ என்று மூன்றையும் ஒரே அட்டையில் அடுக்கிவிடுகிறார்கள். ஒன்றையொன்று ஒத்த செய்திகளைச் சேர்த்து வைத்துப் பழக்கினால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். ‘குளக்கட்டுக்குப் போகும் ____ எது?’ என்று வசனத்தில் இடைவெளி விட்டு ‘வழி’ என்ற சொல்லைப் பிள்ளை எழுதிக் காட்டும்படி செய்து, அது நிலைத்த சில நாட்களின் பின் ‘வளி’யைக் கட்டில் சேர்ப்பதே பாதுகாப்பானது. எழுத்து வேறுபாட்டை வாயால் சொல்லிப் பழகுவதைவிட எழுதிப் பழகுவதே இங்கே தேவை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பெட்டி முறை

அட்டைகள் 30ஐத் தாண்டியதும், எதை எப்போது பார்ப்பது என்ற சிக்கல் வரும். இதற்கு செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் பரப்பிய பெட்டி முறையே இன்றும் மிக எளிமையானது. ஒரு சப்பாத்துப் பெட்டியை மட்டைத் துண்டுகளால் ஐந்து அறைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். புதிய அட்டைகள் எல்லாம் முதலாம் அறையில் இருக்கும். விடை சரியாக வந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும். எந்த அறையில் இருந்தாலும் விடை பிழைத்த அட்டை முதலாம் அறைக்கே திரும்பி வரும். முதலாம் அறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். இரண்டாம் அறையை ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் அறையை வாரத்துக்கு ஒருமுறை. நான்காம் அறையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஐந்தாம் அறையை மாதத்துக்கு ஒருமுறை. இந்த நாள்கணக்கு கல்லில் எழுதப்பட்டதன்று. ஞாயிறு காலையில் மட்டுமே நேரம் கிடைக்கும் பிள்ளைக்கு மூன்று அறைகளே போதும். அறைக்கு அறை இடைவெளி கூடிக்கொண்டு போவதும், தெரியாத அட்டை அடிக்கடி கண்ணில் படுவதும்தான் முக்கியம்.

பெட்டி நிரம்பி வழியும் நிலைக்குக் காரணம், பெரும்பாலும் புதிய அட்டைகளை அளவுக்கு மீறிச் சேர்ப்பதே. நாளொன்றுக்குப் பத்துப் புதிய அட்டைகள் என்பது பார்வைக்குச் சிறிய தொகையாகத் தெரியும். ஆனால் அவை இரண்டாம், மூன்றாம் முறையாகத் திரும்பிவரும்போது, முந்திய நாட்களின் அட்டைகளும் சேர்ந்து ஒரு நாளுக்கு நாற்பதோ ஐம்பதோ ஆகிவிடும். அப்போது பிள்ளை சோர்ந்து, ஒரு வாரம் பெட்டியைத் திறக்காமல் விடும். பிறகு திறக்கவே மனம் வராது. ஒரு பாடத்துக்கு நாளுக்கு ஐந்து என்று தொடங்கி, கால் மணித்தியாலத்துக்குள் முடியும் அளவில் வைத்திருப்பதே நீடிக்கும். காலபோக விதைப்பு நேரத்திலும் சூடடிப்பு நேரத்திலும் வீட்டில் எல்லோரும் வயலுக்கு இறங்கும்போது, புதிய அட்டைகளை அறவே நிறுத்திவிட்டு முதலாம், இரண்டாம் அறைகளை மட்டும் பார்த்துக்கொண்டால், பெட்டி அப்படியே காத்திருக்கும்.

விடை சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்வதில் நேர்மை வேண்டும். ‘நுனி நாக்கில் இருந்தது’ என்பது பிழை. திருப்பிப் பார்த்துவிட்டு ‘ஓ, இதுதானே, எனக்குத் தெரியும்’ என்பதும் பிழையே. இது பிள்ளையின் ஒழுக்கத்தைக் குறித்த கண்டிப்பு அன்று. திருப்பிய பிறகு தோன்றும் ‘தெரியும்’ என்ற உணர்வு, கொப்பியை ஐந்தாம் முறை வாசிக்கும்போது தோன்றும் அதே உணர்வு என்பதற்காகச் சொல்வது. தனியாகப் படிக்கும் பிள்ளைகள் விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டுத் திருப்புவார்களானால், இந்த ஏமாற்றம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

வகுப்பறையிலும் வீட்டிலும்

ஆசிரியர் ஒருவர் வகுப்பின் முன் நின்று அட்டையை உயர்த்திக் காட்ட, முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் வாசிப்பதைத்தான் எங்கள் ஆரம்பப் பிரிவுகளில் மின்னட்டைப் பயன்பாடு என்கிறார்கள். அந்தக் கூட்டுக் குரலில் உண்மையில் விடையை நினைவிலிருந்து எடுத்தவர்கள் முன்வாங்கில் இருக்கும் நான்கைந்து பேர் மட்டுமே. மற்றவர்கள் அந்த நான்கு பேரின் குரலைப் பின்பற்றுகிறார்கள். ஆசிரியருக்கு வகுப்பு முழுவதும் தெரிந்துகொண்டதாகத் தோன்றும். இதை மாற்றுவதற்குப் புதிய உபகரணம் எதுவும் தேவையில்லை. அட்டையைக் காட்டிவிட்டு வாய் திறக்காமல் மனத்துக்குள் மூன்று வரை எண்ண வேண்டும். அதுவரை யாரும் சொல்லக் கூடாது என்பதை வகுப்புக்குப் பழக்க வேண்டும். பிறகு ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் விடைகளின் நீளமும் தரமும் கூடுகின்றன என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். வகுப்பில் அந்த மூன்று விநாடி மிக நீளமாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அட்டைக் கட்டைப் பிடிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டின் முகப்பு வகுப்பை நோக்கி இருக்கும்; ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிவது கடைசி அட்டையின் பின்பக்கம். அங்கே விடை எழுதப்பட்டிருப்பதால், அவர் அதை வாசித்துவிட்டு, அந்த அட்டையையே பின்னாலிருந்து இழுத்து முன்னால் கொண்டுவர வேண்டும். முன்னால் இருப்பதை எடுத்துப் பின்னால் வைத்தால், தற்போது காட்டும் அட்டை எதுவென்று பார்க்க ஒவ்வொரு முறையும் தலையை வளைத்து எட்டிப் பார்க்க வேண்டிவரும். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. எழுத்தின் பருமனைப் பொறுத்தவரை, எழுதியவரே கடைசி வாங்கில் இருந்து வாசித்துப் பார்ப்பதைவிட நல்ல அளவுகோல் இல்லை. வாசிப்புப் பழகும் சிறு பிள்ளைகளுக்கான அட்டையில் சொல்லும் படமும் ஒரே பக்கத்தில் இருந்தால், பிள்ளை படத்தைப் பார்த்து ‘மாடு’ என்று சொல்லுமே தவிர எழுத்தை வாசிக்காது. படத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றினால் அதுவே விடையாகவும் பரிசாகவும் அமைந்துவிடும்.

ஓர் ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைக் கவனிக்கும் சிறிய பாடசாலைகளில் மின்னட்டை இன்னும் பெரிய துணையாகிறது. தரம் 3 பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்தும்போது, தரம் 4 பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். விடை பின்பக்கத்தில் இருப்பதால் திருத்துவதற்கு ஆசிரியர் தேவையில்லை. கேட்பவரின் வேலை விடையைச் சொல்லிக்கொடுப்பது அன்று, காத்திருப்பது என்பதை மட்டும் தொடக்கத்தில் சொல்லி, இரண்டொரு நாள் கண்காணித்துப் பழக்கிவிட வேண்டும்.

வீட்டிலும் இதே காரணத்துக்காக, பாடம் தெரியாதவரும் பிள்ளையைப் படிப்பிக்க முடிகிறது. வன்னியில் பல பிள்ளைகளை அம்மம்மாவும் அப்பம்மாவும் தனியே வளர்க்கிறார்கள். அவர்களுள் பலருக்கு இரண்டாம் மொழிப் பாடத்தின் சிங்கள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அட்டையின் முன்பக்கத்தில் ‘வயல்’ என்று தமிழிலும், பின்பக்கத்தில் அதற்கான சொல்லைப் பெரிதாகச் சிங்கள எழுத்திலும், அதன் கீழே ‘கும்புர’ என்று சிறிதாகத் தமிழ் எழுத்திலும் எழுதிவைத்தால் நடப்பது இதுதான்:

“பொறு ராசா, திருப்பாத. முதல்ல சொல்லு பாப்பம். வயலுக்கு என்ன?”

“வெவ.”

“அது குளம் எண்டல்லோ நேற்றுச் சொன்னனி?”

“ஓம் அம்மம்மா… கும்புர.”

“அப்ப கொப்பியில எழுதிக் காட்டு. நான் மட்டையோட வைச்சுப் பாக்கிறன்.”

அவர் எழுத்தை வாசிக்கவில்லை; பிள்ளை எழுதியதும் அட்டையில் உள்ளதும் ஒத்திருக்கின்றனவா என்று உருவத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார். அதுவே போதும். ‘வத்துர’ (தண்ணீர்), ‘கெதர’ (வீடு), ‘பார’ (வீதி) என்று அன்றாடம் காணும் பொருள்களிலிருந்து தொடங்கினால், கேட்பவருக்கும் ஆர்வம் குறையாது. சிங்கள எழுத்துகளுள் ‘வ’, ‘ச’ ஒலிகளுக்குரியவை போல் வடிவத்தில் நெருங்கியவற்றை ஒரே கிழமையில் சேர்க்காமல் தள்ளிவைப்பது, முன்னர் தமிழ் எழுத்துக்குச் சொன்ன அதே காரணத்தாலாகும். தமிழைப் பார்த்துச் சிங்களம் சொல்லும் அட்டையுடன், சிங்களத்தைப் பார்த்துத் தமிழ் சொல்லும் அட்டையும் தனியே வேண்டும். முதலாவது பேசவும் எழுதவும் உதவும், இரண்டாவது வாசிக்கவும் கேட்டு விளங்கவும் உதவும்.

எதற்கு உதவாது

விளங்காத பாடத்தை அட்டையில் எழுதக் கூடாது. விளங்காததைப் பாடமாக்க முடியும் என்பதுதான் மின்னட்டையின் ஆபத்து. முதலில் பாடநூலை வாசித்து, வகுப்பில் கேட்டு, தன் சொல்லில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அதன் பிறகே அட்டை. கணிதத்தில் ‘உருளையின் கனவளவு என்ன?’ என்ற கேள்விக்கு ‘அடிப்பரப்பு பெருக்கல் உயரம்’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, தண்ணீர்த் தாங்கி பற்றிய கணக்கில் அதை எங்கே பயன்படுத்துவது என்று அறியாமல் இருக்கலாம். அதற்குக் கணக்குச் செய்துதான் பழக வேண்டும். கட்டுரை எழுதுதல், இலக்கிய நயம், பொருளியலில் வாதங்களை நிறுவுதல் ஆகியவற்றில் அட்டை தரக்கூடியது மூலப்பொருளை மட்டுமே. கடந்தகால வினாத்தாள்களுக்கு அது ஒருபோதும் ஈடாகாது. ஆனால் வினாத்தாள் செய்யும்போது பிழைத்த இடங்களிலிருந்து புதிய அட்டைகள் பிறக்குமானால், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

கைப்பேசி வைத்திருப்போருக்கு இதே வேலையைச் செய்யும் செயலிகள் உள்ளன. 1987இல் போலந்தில் பியோத்தர் வொஸ்னியாக் கணினிக்கென எழுதிய சுப்பர்மெமோவும், 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட அங்கியும் (Anki) இவற்றுள் அறியப்பட்டவை. எந்த அட்டையை எந்த நாளில் காட்டுவது என்று செயலியே கணக்கிட்டுவிடும் என்பதால், ஆயிரக்கணக்கான அட்டைகளைக் கையாளும் உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது பெரிய வசதி. ஆண்ட்ரொயிட் கைப்பேசியில் அங்கியை இலவசமாக நிறுவலாம்; தமிழிலும் எழுதலாம்; ஒருமுறை நிறுவிய பின் இணையம் இல்லாமலும் இயங்கும். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நான் காகிதத்தையே பரிந்துரைப்பேன். கைப்பேசியில் அட்டைக்குப் பக்கத்திலேயே விளையாட்டும் வீடியோவும் இருக்கின்றன என்பது ஒரு காரணம். பாடத்தைக் கேள்வியாக உடைத்துத் தன் கையால் எழுதும் உழைப்பே பாதிப் படிப்பு என்பது மற்றது. பிறர் செய்த ஆயத்தக் கட்டுகளை இறக்கிப் பயன்படுத்துவோர் அந்தப் பாதியை இழக்கிறார்கள்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது புதிய அட்டைகள் எழுதுவதைக் குறைத்து, இறுதி இரண்டு வாரங்களில் நிறுத்திவிட்டு, எல்லா அறைகளையும் ஒருமுறை கலந்து பார்க்க வேண்டும். பாடவாரியாக அடுக்கி வைத்துப் பார்த்தவர்களுக்கு, வரலாற்றுக்கு அடுத்து விஞ்ஞானம், அதற்கடுத்து சிங்களம் என்று கலந்து வரும்போது தடுமாற்றம் ஏற்படும். அதைப் பரீட்சை மண்டபத்தில் படுவதைவிட வீட்டில் படுவது நல்லது. பரீட்சை முடிந்ததும் அட்டைகளை எறிந்துவிடாமல், தம்பி தங்கைக்கோ பாடசாலை நூலகத்துக்கோ கொடுக்க நினைப்பது நல்ல எண்ணம்தான். கொடுக்கும் முன் அந்த ஆண்டுக்கான பாடநூலை அருகில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, பாடத்திட்டத்தில் இல்லாதவற்றையும் கலைச்சொல் மாறியவற்றையும் நீக்கிவிட வேண்டும். பெற்றுக்கொள்ளும் பிள்ளையும் அவற்றை அப்படியே பெட்டியில் அடுக்கிவிடாமல், அந்தந்தப் பாடத்தை வகுப்பில் படித்து முடித்த பிறகே முதலாம் அறையில் சேர்க்க வேண்டும்.